ஜாதிபத்திரி வந்தாச்சு

அலமேலு கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கையில் அத்தா, என் அப்பா, ஒரு சிட்டிகை ஜாதிபத்திரியை எடுத்து வைத்தார்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் நாட்டு மருந்துக் கடையின் வாசல் அது. கார்த்திகை பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கும். கடைத்தெருவில் பாதிக் கடைகள் பலகையே எடுக்காத ஒரு வெள்ளிக்கிழமை காலை.

அலமேலுவின் தலைமுடி பனியில் நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. புடவைக் கரை முழுக்கச் செம்மண். கெண்டைக்காலில் முள் கீறிய கோடுகள். கல்வராயன் மலையிலிருந்து நடந்தே இறங்கி வந்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

அவள் தன் உள்ளங்கையையே பார்த்தாள். மஞ்சளும் சிவப்புமாக, காய்ந்த பூவிதழ் மாதிரி நாலு துண்டு.

"இது இன்னா பாய்?"

"ஜாதிபத்திரி. நாகர்கோவில் சரக்கு. மோந்து பாரு, ஆளத் தூக்குது வாசனை. அது கெடக்குது, தேன் எங்க?"

தேன் இல்லை. தேன் கொண்டுவர வேண்டும் என்றே அவளுக்குத் தெரியாது. அவள் வந்தது வேறு ஒரு பத்திரத்துக்காக.

உள்ளே தரையில் உட்கார்ந்து கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்குத்தான் விஷயம் முதலில் உறைத்தது. கடுக்காய் முறத்தோடு அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது.

ஆசிரியர் கேட்ட நாலு குறிப்பு

இந்த வாரம் நான் எழுத உட்கார்ந்தது இதை இல்லை. "பனி ஆரம்பிச்சிடுச்சும்மா. மருந்துக் கடைக்காரர் பொண்ணு நீங்க. குளிர்காலத்துல உடம்பைச் சமநிலையா வெச்சுக்கிறதுக்கு நாலு குறிப்பு எழுதுங்களேன்" என்று பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டார். சரி என்று பேனாவை எடுத்தேன். முதல் குறிப்பிலேயே அத்தா வந்து நின்றுவிட்டார். அவர் வந்தால் பின்னாலேயே அலமேலுவும் வந்துவிடுவாள். எனவே குறிப்பு வேண்டியவர்கள் கதைக்கு நடுவில் பொறுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். கடுக்காய் பொறுக்கிய கை சொல்கிறது, பொறுக்குவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை.

அத்தாவுக்கு வருஷத்தில் இரண்டே பருவம். மப்ளர் போடும் பருவம், மப்ளர் போடாத பருவம்.

ஐப்பசி மழை விட்டு, விடியற்காலையில் எதிர்வீட்டு ஓடு வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்த அன்றே பெட்டியிலிருந்து அந்தக் காப்பிக்கொட்டைக் கலர் மப்ளர் வெளியே வரும். சேலத்தில் வாங்கியது. கழுத்தை இரண்டு சுற்று சுற்றி, காதை மூடி, அதற்கு மேல் தொப்பியை வைத்து விடியற்காலை சுபுஹு தொழுகைக்குக் கிளம்புவார். தை பிறந்து பத்து நாள் ஆகும்வரை அவர் கழுத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மப்ளர் வந்த அன்றே வீட்டில் சட்டங்களும் வந்துவிடும்.

வெந்நீர் இல்லாமல் தொழுகைக்குக் கை கால் கழுவும் ஒளு கிடையாது. பொழுது சாய்ந்தால் தயிர் கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் வெயில் ஏறிய பிறகுதான். குளித்த தலையைச் சாம்பிராணிப் புகையில் காட்டாமல் வெளியே போனால், அன்றைக்கு அவர் பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. தரையில் பாய் மட்டும் போட்டுப் படுக்கக் கூடாது, அடியில் ஒரு சமுக்காளம் வேண்டும். காலையில் கால் மணி நேரமாவது முதுகில் வெயில் பட நிற்க வேண்டும். தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது.

"ஒடம்புன்றது இந்தத் தராசு மாதிரி" என்பார் கடையில். "ஒரு தட்டு சூடு, ஒரு தட்டு குளிர்ச்சி. பனி வந்துட்டா குளிர்ச்சித் தட்டு தானா எறங்கிடும். நாம சுக்கு வெச்சு, மிளகு வெச்சு முள்ள நடுவுல நிறுத்தணும்."

கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "அந்தத் தராசே ஒரு பக்கமா சாஞ்சுதான் நிக்கிது. மொதல்ல அத சரி பண்ணுங்க."

அம்மாவின் வைத்தியம் சுருக்கமானது. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், பக்கத்து வீட்டு விவகாரத்தில் தலையிடாமை. மூன்றாவதுதான் மிக முக்கியம் என்பாள். அவளுக்கு ஜலதோஷம் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதை அத்தா தன் லேகியக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

லேகியமும் ஒரு வார்த்தையும்

கார்த்திகை லேகியம்தான் எங்கள் கடையின் பெருமை. சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, அதிமதுரம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி. இவற்றை இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிளறி, நெய்விட்டு, ஆறிய பிறகு மலைத்தேன் சேர்க்க வேண்டும். ஒரு நெல்லிக்காய் அளவு காலையில் சாப்பிட்டால் தை வரைக்கும் தும்மல் வராது என்று அத்தா அடித்துச் சொல்வார்.

இதில் தேன் மலையிலிருந்து வரும். ஜாதிபத்திரி நாகர்கோவிலிலிருந்து வரும். ஜாதிக்காய்க்கு மேலே வலைபோல் சுற்றியிருக்கும் தோல்தான் ஜாதிபத்திரி. இரண்டும் ஒரே பழத்துக்குள்ளேயே இருக்கிற அண்ணன் தம்பி.

இதை இவ்வளவு விலாவாரியாக ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் 'ஜாதி' என்று வாய் திறந்தாலே பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த காலம். டீக்கடையில், சலூனில், பஸ் ஸ்டாண்டில், கோர்ட்டு வாசலில் அதே பேச்சு. யாருக்கு எவ்வளவு, யாருக்கு இல்லை, எந்தப் பட்டியல், எந்தக் கையெழுத்து. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிடுவார்கள். ஒருநாள் பஸ் வரும், மூன்று நாள் வராது.

அந்த நேரம் பார்த்து யாராவது கடை வாசலில் நின்று, "பாய், ஜாதி இருக்குதா?" என்று உரக்கக் கேட்டால் எப்படி இருக்கும்?

"காய்னு கேளுய்யா! காய்னு கேட்டா எனக்குப் புரியாதா?" என்று அத்தா பல்லைக் கடிப்பார். ஜாதிக்காய் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பேரையே கிழித்துவிட்டு வெறும் 'காய்' என்று எழுதி ஒட்டினார். அப்புறம் கடுக்காய் வாங்க வந்தவருக்கு ஜாதிக்காயைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது தனிக் கதை. அந்த மனுஷர் மூன்று நாள் தூங்கியே கிடந்தாராம். எழுந்து வந்து, இத்தனை நல்ல மருந்தை நான் சாப்பிட்டதே இல்லை என்றார்.

பொட்டலம் கட்டிய தாள்

அலமேலுவை உங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர் அவளுடையது. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, இருபது நடந்துகொண்டிருந்தது. வாராவாரம் தேனும் கடுக்காயும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். மலையில் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தவள். கிடைத்த தாளையெல்லாம் படிப்பாள்.

அப்படித்தான் ஒருநாள் அத்தா சுக்கு மடித்துக் கொடுத்த பழைய பேப்பரைக் கடை வாசலிலேயே பிரித்துப் படித்தாள். சுக்கு கீழே உருண்டது. அவள் குனியவில்லை.

"நூரு, இத பாரு" என்று என்னிடம் நீட்டினாள். கிராமத்துக்கு நர்சு வேலை, அதற்குப் பயிற்சி, விண்ணப்பம் போடலாம் என்று ஒரு அறிவிப்பு.

"ஊசின்னா ஒனக்குப் பயமாச்சேடி?"

"குத்திக்கிறதுக்குத்தான் பயம். குத்துறதுக்கு இன்னா பயம்?" என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எங்க ஊர்ல ஒருத்தருக்குக் காய்ச்சல்னா தூளி கட்டித் தூக்கிக்கினு எறங்குறோம் நூரு. பனிக்காலத்துல எறங்குறதுக்குள்ள பாதி உசுரு போயிடுது. நா கத்துக்கினு மேல ஏறிட்டா, அவங்க எறங்க வேணாம் பாரு."

அந்த வார்த்தைக்கு அப்புறம் நான் கேலி பேசவில்லை. என் கையெழுத்துதான் கொஞ்சம் பார்க்கும்படி இருக்கும் என்பதால் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். கூடவே ஜாதிச் சான்றிதழ் வைக்க வேண்டும். அதற்கு ஒரு தனி மனு. மனுவையும் நானே எழுதி, அவளோடு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேர்முகத் தேர்வு கடலூரில் என்று கடிதம் வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை. அசல் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. ஆனால் சான்றிதழைக் காணோம். அலமேலு வரும்போதெல்லாம் கேட்பது ஒரே கேள்விதான். "பத்திரம் வந்துச்சா?"

மலையில் அரசாங்கம் கொடுக்கும் தாள் எதுவாக இருந்தாலும் பத்திரம்தான். நிலத்துக்கும் பத்திரம், ரேஷனுக்கும் பத்திரம், ஜாதிக்கும் பத்திரம். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தா வைத்துக்கொள்ளவில்லை.

கடைசி பஸ்ஸில் போன சேதி

அந்த வருஷம் லேகியம் தாமதமானது. நாகர்கோவில் பார்சல் ஏறிய லாரி, உளுந்தூர்பேட்டையில் மற்ற லாரிகளோடு வரிசையில் நின்றுவிட்டது. முன்னாலும் மரம், பின்னாலும் மரம். ஒரு வாரம் அத்தா சரியாகச் சாப்பிடவில்லை. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, ஊரே தும்மப் போகிறது, தன் கையில் ஜாதிபத்திரி இல்லை. ஊருக்கே ஆபத்து வந்தது போல மப்ளரை இறுக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வழி கொஞ்சம் திறந்தது. பார்சல் வந்து சேர்ந்தது. அத்தா அதைப் பிரித்து மோந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த நிமிஷம் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். மலைக்குப் போகும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கண்டக்டர் ஆறுமுகம் விசிலை வாயில் வைத்துவிட்டார்.

"ஆறுமுகம்! மேல போய் அலமேலுகிட்ட சொல்லுப்பா. ஜாதிபத்திரி வந்தாச்சு! ஒடனே பொறப்பட்டு வரச் சொல்லு!"

தேனைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டேன். "அவ வந்தா தேன் எடுத்துக்கினுதானே வருவா? சூரியன் வந்தா வெயில் எடுத்துக்கினு வான்னு சொல்லுவாங்களா?" என்றார். அத்தாவிடம் எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும். கேட்ட கேள்விக்குத்தான் இருக்காது.

ஆறுமுகம் விசிலோடு தலையாட்டினார். பஸ் போய்விட்டது. அதுதான் அந்த வாரத்தின் கடைசி பஸ். மறுநாள் காலையில் கச்சிராயபாளையம் ரோட்டில் மறுபடி மரம் விழுந்தது.

மேலே என்ன ஆயிற்று என்பது எனக்கு அலமேலு சொல்லித்தான் தெரியும். புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஆறுமுகம் பஸ்ஸிலிருந்து தலையை நீட்டிக் கத்தியிருக்கிறார். அவள் காதில் விழுந்தது, "ஜாதிப் பத்திரம் வந்தாச்சு, ஒடனே வா." வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்குக் காத்திருந்து பார்த்திருக்கிறாள். வரவில்லை. திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் பாக்கி. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மலைப்பாதையில் ஒரு பகல். கச்சிராயபாளையத்தில் உறவுக்காரர் வீட்டில் படுக்கை. வெள்ளிக்கிழமை பனி விலகுவதற்குள் எழுந்து, விழுந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கி, பால்காரர் ஒருவர் சைக்கிளில் கொஞ்ச தூரம் ஏற்றிக்கொள்ள, எங்கள் கடை வாசல்.

அங்கே அத்தா அவள் கையில் ஒரு சிட்டிகை வைத்தார்.

தேனும் இல்லை, பத்திரமும் இல்லை

"அத்தா, அவ சர்ட்டிபிகேட்டுக்கு வந்திருக்கா" என்றேன் நான்.

"எந்த சர்ட்டிபிகேட்டு?"

"ஜாதி சர்ட்டிபிகேட்டு. நீங்க பத்திரி வந்துடுச்சின்னு சொல்லி அனுப்பினீங்க. அவ பத்திரம்னு நெனச்சிக்கினு நடந்தே வந்திருக்கா!"

அத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மப்ளரின் நுனியைப் பிடித்துத் திருகினார்.

அலமேலு அழுதிருந்தால் பரவாயில்லை. அவள் அந்த நாலு துண்டையும் சிந்தாமல் தராசுத் தட்டில் போட்டாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். "நல்ல வாசனைதான் பாய்" என்றாள்.

எனக்குத்தான் அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். "பனி தலைல எறங்கினா ஆகாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, இவ தலைல எறங்கினத பாருங்க! ஒங்க லேகியத்துக்காக!" என்று கத்தினேன். அத்தாவை நான் அப்படிப் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அம்மா வந்து அவளை உள்ளே கூட்டிப்போனாள். மிளகு தட்டிப்போட்ட சூடான கஞ்சி. தலையைத் துவட்டிச் சாம்பிராணிப் புகை. கீறலுக்கு மஞ்சள் குழைத்த எண்ணெய். அத்தா கதவோரம் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி வாசலுக்குப் போய்விட்டார்.

கஞ்சியைக் குடித்துவிட்டு அலமேலுதான் சொன்னாள். "வந்தது வந்துட்டேன். ஒரு எட்டு ஆபீசுல போய்க் கேட்டுட்டு வந்துடலாமா நூரு?"

"நானும் வரேன்" என்றார் அத்தா வாசலிலிருந்து. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. கடையைப் பூட்டினார். மறியல் நாளில்கூடப் பூட்டாத கடை.

குரங்குக் குல்லாய் போட்ட குமாஸ்தா

சான்றிதழ் கொடுக்கும் ஆபீஸில் பாதி நாற்காலி காலி. வெளியூர்க்காரர்கள் யாரும் வந்து சேரவில்லை. நடந்து வரக்கூடிய தூரத்தில் வீடிருந்த ஒரு குமாஸ்தா மட்டும், குரங்குக் குல்லாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தார்.

அத்தா உடனே என் காதில், "கபம் நெஞ்சுல கட்டிக்கினு இருக்குது" என்றார். நான் அவர் கையைக் கிள்ளினேன்.

அலமேலு பேரைச் சொன்னாள். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டியாம்மா? லெட்டர் கெடச்சிதா?"

"எந்த லெட்டருங்க?"

"போட்டு எட்டு நாளாச்சேம்மா. ஒன் சர்ட்டிபிகேட்டு ரெடியா இருக்குது. நேர்ல வந்து நோட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்னு எழுதினோமே? நாளிக்கும் நாளான்னிக்கும் லீவு. இன்னிக்கி வரலன்னா திங்கக்கெழமைதான்."

அந்தக் கடிதம் மறியலில் மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு தபால் மூட்டைக்குள் கிடந்திருக்கிறது. அலமேலு மேலேயே இருந்திருந்தால் திங்கட்கிழமை போயே போயிருக்கும்.

குமாஸ்தா ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கேட்டார். "லெட்டர் வரலன்னா, ரெடியா இருக்குதுன்னு ஒனக்கு யாரு சொன்னாங்க?"

அலமேலு திரும்பி அத்தாவைப் பார்த்தாள். "பாய்தான் சொல்லி அனுப்பினாருங்க."

அத்தா மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். தாள் கைக்கு வந்தது. பேர், அப்பா பேர், ஊர், மலையாளி என்று அந்த மலைச் சனங்களின் ஜாதிப் பேர், பழங்குடியினர், கீழே பச்சை மையில் ஒரு கிறுக்கல். அதை அவள் இரண்டு தடவை படித்தாள். ஊரே ஜாதி என்ற ஒரு வார்த்தைக்காக ரோட்டில் மரத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில், அது ஒரு அரைத்தாள்தான். ஆனால் அவள் அதை மடிக்காமல், ஓரம் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அத்தா சட்டைப் பையிலிருந்து சித்தரத்தைத் துண்டு ஒன்றை எடுத்துக் குமாஸ்தாவின் மேஜையில் வைத்தார். "வாயில அடக்கிக்கோங்க. சாறு மட்டும் உள்ள போவணும். சாயங்காலம் தயிர் வேணாம்."

வெளியே வந்ததும், "கையெழுத்து ஆனப்புறம்தான் குடுத்தேன். அதனால அது லஞ்சம் கெடையாது" என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். நாலு அடி நடந்திருப்போம். தொண்டையைக் கனைத்தார். "ஆவ மொத்தம், நா சொல்லி அனுப்பினது சரியாத்தானே போச்சு?"

"சும்மா இருங்கத்தா!" என்றேன். அலமேலு சிரிக்க ஆரம்பித்தாள். நடுரோட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறியலுக்குக் கூடியிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தாவின் கழுத்து

இரண்டு நாள் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். செய்த தப்புக்குப் பரிகாரமாக அத்தா தன் குளிர்காலச் சட்டங்கள் அத்தனையையும் அவள் மேல் பிரயோகித்தார். வெந்நீர், வெயில், மிளகுக் கஞ்சி, பாய்க்கு அடியில் இரண்டு சமுக்காளம். "நேர்முகத்துக்குப் போறேனா, பிரசவத்துக்கு வந்திருக்கேனா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னசேலத்தில் ரயிலேற வேண்டும். அந்தப் பக்கத்து ரோடு அன்று திறந்திருந்தது. பஸ் ஏற்றிவிடப் போனோம். பனி இன்னும் விலகவில்லை. படியில் ஏறப் போனவளை அத்தா நிறுத்தினார். மப்ளரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"காதை மூடிக்கோ. உள்ள போறப்போ கழட்டிட்டுப் போ, இல்லன்னா நீயே நோயாளின்னு நெனச்சிக்குவாங்க."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, ஒங்களுக்குக் கழுத்து இருக்குதே!" என்றாள்.

திங்கட்கிழமை அலமேலு கடலூரில் நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அத்தா இங்கே தும்ம ஆரம்பித்தார். பத்து நாள் நிற்கவில்லை. "இன்னா பாய், லேகியம் சாப்புடலியா?" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் கேட்டார்கள். அந்த வருஷம் வேறு கடையில் வாங்கிய தேனைப் போட்டுக் கிளறிய லேகியத்தைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள அவர் கடைசிவரை மறுத்துவிட்டார்.

சேதியை மாற்றியது யார் என்ற வழக்கும் தீரவில்லை. "நா பத்திரின்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணு காதுல பத்திரம்னு உழுந்தா நா இன்னா பண்றது?" என்றார் ஆறுமுகம். "அவரு பத்திரம்னுதான் கத்தினாரு" என்றாள் அலமேலு.

டிக்கெட்டின் பின்பக்கம்

பயிற்சிக்கு இடம் கிடைத்தது. படித்து முடித்தாள். இன்னொரு பனிக்காலம் ஆரம்பித்த சமயம், ரோடுகளில் மரம் இல்லை, அத்தா புது மப்ளரில் இருந்தார். லேகியம் கிளறி, தேனுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

ஆறுமுகம் வந்து ஒரு தகர டப்பாவை மேஜையில் வைத்தார். மலைத்தேன், விளிம்புவரை.

"அலமேலு குடுத்தனுப்பிச்சு பாய். அன்னிக்கி எடுத்துக்கினு வராத தேனாம். வெள்ளிமலைப் பக்கமே வேலை போட்டுட்டாங்களாம். அப்புறம் ஒண்ணு சொல்லச் சொல்லிச்சு." நெற்றியைச் சுருக்கி யோசித்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "பாயோட ஜாதிபத்திரி நல்லா வேல செஞ்சிடுச்சாம்."

அத்தா எழுந்து நின்றுவிட்டார்.

"கேட்டீங்களா?" என்றார் கடையில் நின்றவர்களைப் பார்த்து. "மலைலேர்ந்து சேதி வருது! சொல்றது யாரு? நர்சு! கெவுருமெண்டு நர்சு! நம்ம லேகியம் வேல செஞ்சிடுச்சாம்!" நின்றிருந்த அத்தனை பேரும் அன்றைக்கு லேகியம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

ஆறுமுகம் சட்டைப் பையைத் தடவினார். "ஒனக்கும் எழுதிக் குடுத்துச்சு நூரு. என்னிய நம்பலயாம்" என்று ஒரு பஸ் டிக்கெட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார். பின்பக்கத்தில் அலமேலுவின் குண்டு குண்டான எழுத்து. 'பாயிடம் சொல்லவும். ஜாதிப் பத்திரம் நல்லா வேலை செஞ்சிடுச்சு.'

அன்று பத்திரி பத்திரமானது போல, இன்று ஆறுமுகம் வாயில் பத்திரம் பத்திரியாகியிருந்தது; வழக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. யார் காதில் கோளாறு என்பதற்கு அந்த ஒரு டிக்கெட் போதும். காட்டினால் அத்தா ஆறுமுகத்தை ஒரு வாரம் ஓட்டியிருப்பார்.

ஆனால் அத்தா அந்த நேரம் ஸ்பூனில் தேனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தத் தேன் சேர்ந்தாத்தான் நூரு அது லேகியம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மிளகு நெடி என்று சொல்லிக்கொண்டார். அன்றைக்குக் கடையில் யாரும் மிளகு இடிக்கவில்லை.

நான் டிக்கெட்டை மடித்தேன். 'காய்' என்று எழுதிய அந்த டப்பாவைத் தூக்கி, அதற்கு அடியில் வைத்தேன். அத்தா இருந்தவரை அதை நான் வெளியே எடுக்கவே இல்லை.